பிரசவச் சீட்டில் யார் பெயர்?

ஆந்திராவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாமியார் என்னிடம் கேட்டது இன்னும் மறக்கவில்லை. மருமகளுக்கு மூன்றாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். கலைக்கச் சொல்லி வரவில்லை. "பிரசவச் சீட்டுல என் பொண்ணு பேரைப் போட்டுடுங்க டாக்டரம்மா. அவளுக்குப் பிள்ளை இல்லை, அவளே வளர்த்துக்குவா." மகன் ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார். மூன்றாவது பிள்ளை கணக்கில் ஏறினால் மனுவே செல்லாது. மருமகள் வாய் திறக்கவில்லை, கையில் கட்டிய பி.பி. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டில் நாத்தனார் பெயர் என்றால் இரத்த வகையும் நாத்தனாருடையதாகத்தான் எழுதப்படும். பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஓடுவோம். இதைச் சொல்லி மறுத்தேன். கிளம்பிப் போனார்கள். ஹீமோகுளோபின் 8 மட்டுமே இருந்த, இரத்தசோகையுள்ள பெண், அடுத்த பரிசோதனைக்கு வரவேயில்லை.

இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற அந்த இரண்டு குழந்தை விதியை ஆந்திரா 1994-ல் கொண்டுவந்தது. ராஜஸ்தான், ஹரியானா, ஒடிசாவிலும் இதே போன்ற விதிகள் வந்தன. ஹரியானாவின் விதி செல்லும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி நிர்மலா புச் ஐந்து மாநிலங்களில் ஆய்வு செய்தபோது வெளிவந்தவை: கைவிடப்பட்ட மனைவிகள், தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், கலைக்கப்பட்ட கர்ப்பங்கள். பதவி இழந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். வசதி உள்ளவனுக்குப் பெயர் மாற்ற வழி தெரியும் என்பது என் ஊகம்.

இந்திரா காந்தி காலத்து அவசரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-77 ஓராண்டில் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது, பலருக்குக் கட்டாயத்தின்பேரில். 1977-ல் ஆட்சியே போனது. அதன்பிறகு எந்த அரசுக்கும் ஆண்களைத் தொடத் துணிவில்லை, சுமை முழுதும் பெண் பக்கம் சாய்ந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, திருமணமான தம்பதிகளில் மனைவி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. இத்தனைக்கும் ஆண்களுக்கான ஆபரேஷனான வாசக்டமி, வயிற்றைத் திறக்க வேண்டாத சின்ன வேலை. என் அறையில் அந்தப் பேச்சை எடுத்தாலே கணவர்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள்.

வீட்டுக்கு ஒரு குழந்தைதான் என்று சட்டம் போட்ட சீனாவைப் பற்றி நாம் பேசும்போது, மீறியவர்களுக்குப் போட்ட அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். என் துறைக்காரர்களுக்கு வேறொன்று உறுத்தும். கருத்தடைக்காகக் கருப்பையில் நாம் போடும் காப்பர்-டியில் ஒரு நூல் தொங்கும், வேண்டாமென்றால் அதைப் பிடித்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். சீனாவில் முதல் குழந்தைக்குப் பிறகு கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டது நூல் இல்லாத எஃகு வளையம். அவர்களாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. வயதான பிறகு அதை எடுக்க ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

விதியை மீறிப் பிறந்த பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. பலரைக் குடும்பப் பதிவில் சேர்க்கவில்லை. அந்தப் பதிவு இல்லாதவர்களுக்குப் பள்ளி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, ரயில் டிக்கெட்கூட எடுக்க முடியவில்லை. 2010 கணக்கெடுப்பில் அங்கே பதிவில்லாதவர்கள் சுமார் 1.3 கோடி, பெரும்பகுதி இந்தப் பிள்ளைகள். ஒன்றுதான் என்றானபோது அந்த ஒன்று பையனாக இருக்கட்டும் என்று ஸ்கேன் பார்த்தார்கள். இயல்பாக 100 பெண் குழந்தைக்கு 105, 106 ஆண் குழந்தை பிறக்கும், 2000-களில் அங்கே அது 120 வரை போனது. அந்தப் பையன்களில் பலருக்கு இன்று பெண் கிடைக்கவில்லை.

பொருளாதாரத்துக்கு நல்லதுதானே என்பார்கள். பிள்ளை குறைந்தால் படிப்புக்குச் செலவிட முடியும், பெண் வேலைக்குப் போக முடியும், மறுக்கவில்லை. ஆனால் சீனாவில் ஒரு பெண்ணுக்கு 1970-ல் ஆறை ஒட்டியிருந்த பிள்ளைகள் எண்ணிக்கை, ஒரு குழந்தைத் திட்டம் வருவதற்கு முன்பே மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. கேரளமும் தமிழ்நாடும் இப்படித் தேர்தல் தடை எதுவும் போடாமலே 1.8-க்கு வந்தன. பெண்கள் படித்தார்கள், பிறந்த பிள்ளை பிழைத்தது, அவ்வளவுதான். எண்ணிக்கையை ஏற்றுவதுதான் சட்டத்துக்குக் கைவராத வேலை. 2016-ல் இரண்டு, 2021-ல் மூன்று என்று சீனா தளர்த்தியது. 2016-ல் சுமார் 1.8 கோடியாக இருந்த பிறப்பு, 2023-ல் 90 லட்சம். கணவனும் மனைவியும் ஒற்றைப் பிள்ளைகளாக இருந்து, இரு பக்கத்து நான்கு முதியவர்களையும் அவர்களே பார்க்க வேண்டிய வீட்டில் இரண்டாவதை யார் பெறுவார்?

கருத்தடை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இவ்வளவு மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை. வெட்டிய கருக்குழாயைத் திரும்பச் சேர்க்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் பலிக்காது. படிவம் நீங்கள் படிக்கிற மொழியில் இல்லையென்றால் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

ஆந்திரா 2024-ல் அந்த விதியை நீக்கிவிட்டது. கூடுதலாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று இப்போது முதலமைச்சரே பேசுகிறார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த மருமகள் ஞாபகம்தான் வந்தது. அந்தப் பிள்ளை பிறந்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது, விண்ணப்பத்தில் அம்மா பெயர் என்ற இடத்தில் யாரை எழுதுகிறதோ.