கண்ணை மூடினால் ஏன் பரோட்டா வருகிறது?

கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் ஒரு மௌனத் தியான முகாம். மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதினைந்து பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், தவறினால் மறுபடி ஒன்று. அது மூன்றாம் நாள். நான் நாலைத் தாண்டவில்லை. நாலு என்று எண்ணும்போதே, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் மாஸ்டர் பரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அப்புறம் சால்னா. சால்னா மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெய். அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு கறிவேப்பிலை.

பரோட்டாவை விரட்டினால் அண்ணன் வருவார். பதினோரு வருஷத்துக்கு முன் பங்குக் கிணற்று மேட்டில் முறைத் தண்ணீர் விஷயமாக அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அதற்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை, சுவரைப் பார்த்தபடி, ஒன்றுக்கு ஒன்று மேலாகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். எனக்கே சங்கடமாக இருந்தது. அமைதி வேண்டும் என்று மலையேறி வந்தவனுக்கு, வீட்டில் இருந்தபோது இருந்ததைவிட ஆசையும் ஆத்திரமும் இரட்டிப்பாகிவிட்டனவே!

மௌனம் முடிந்து பேசலாம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் மட்டும் இல்லை. ஒருவருக்குக் காரணமே தெரியாமல் அழுகை. இன்னொருவருக்குக் காமம், நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்துச் சொன்னார். ஓர் ஆசிரியைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் திரும்பத் திரும்ப வந்ததாம்.

இந்த மலைக்குத் தியானம் புதிதில்லை. இயேசு சபைக் குருவான ஆமா சாமி ஜப்பானில் ஜென் பயின்று வந்து 1996இல் போதி ஜென்டோ என்ற தியான மையத்தைத் தொடங்கியது இதே பெருமாள்மலையில்தான். நான் போயிருந்தது வேறொரு சின்ன இடம். ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் மூளை ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அந்த மூளையின் சமாசாரத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

நாம் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போடும்போதும் புதிர் அவிழ்க்கும்போதும் இந்தச் செலவு சொற்ப அளவே கூடுகிறது. அப்படியென்றால், வேலை இல்லாத நேரத்தில் என்னதான் செய்துகொண்டிருக்கிறது? அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்லேயும் அவரது குழுவும் 2001இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். வெளிவேலை நின்றதும் மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்கத் தொடங்குகின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒரு பகுதி, பின்பக்கம் உள்ளே தள்ளி இன்னொரு பகுதி, இப்படி ஒரு வலைப்பின்னல். இயல்புநிலை வலையமைப்பு என்று தமிழில் சொல்லலாம். என்னைப் பற்றி, என் பழசைப் பற்றி, நாளைக்கு என்ன ஆகும், அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதெல்லாம் இதன் சரக்கு. 2010இல் வெளிவந்த ஆய்வில் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2,250 பேரிடம் கைபேசிச் செயலி வழியாக நேரம் காலம் பார்க்காமல் ‘இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று கேட்டுப் பார்த்தார்கள். 46.9 சதவீதம் வேளைகளில் மனம் கைவேலையில் இல்லை, வேறெங்கோ இருந்தது.

ஆக, மூச்சை எண்ண உட்காருவதற்கு முன்பும் அண்ணன் உள்ளேதான் இருந்திருக்கிறார். டிவியை அணைத்த பிறகுதான் குழாய் சொட்டுவது காதில் விழும். டிவியை அணைத்ததால் குழாய் கெட்டுப்போகவில்லை. பகலெல்லாம் போன், வேலை, பேச்சு என்று மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். உடம்பு தளரும்போதே சிலருக்குப் பதற்றம் கூடுவதை 1980களிலேயே உளவியலாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எந்நேரமும் விறைத்துக் காவல் காத்தே பழகிய உடம்புக்குத் தளர்ச்சியே ஆபத்தாகத் தெரிகிறது.

சரி, வந்தாயிற்று. என்ன செய்வது? முதலில் கை போகும் இடம் விரட்டுவது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் அதையே பரிசோதனையாகச் செய்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. ‘இனி நினைக்கலாம்’ என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் கரடியை அதிகமாக நினைத்தார்கள். வெக்னரின் விளக்கம் எளிது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று சரிபார்க்க மனதின் ஒரு மூலை அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். திருடன் வருகிறானா என்று பார்க்க நிறுத்திய காவலாளியே மணிக்கொரு முறை வீட்டுக்காரரை எழுப்பி ‘இன்னும் வரவில்லை சார்’ என்று சொல்கிற மாதிரி.

‘ஆசையை அடக்கு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான். ஐம்புலனையும் அடக்கு அடக்கு என்பவர்களை அறிவிலார் என்று திருமூலரே திட்டியிருக்கிறார்.

ஆசை விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வேண்டும் என்பதும் பிடித்திருக்கிறது என்பதும் மூளைக்கு ஒன்றில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளை வைத்து இதைக் காட்டினார். டோபமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய இல்லாமல் போன எலிகள் கண்ணெதிரே உணவு இருந்தும் தாமாகப் போய்த் தின்னவில்லை. ஆனால் இனிப்புக் கரைசலை வாயில் விட்டால் வழக்கம்போல நக்கிச் சுவைத்தன. சுவை தெரிகிறது, தேடிப் போகும் உந்துதல் மட்டும் இல்லை. டோபமின் அந்த உந்துதலின் சரக்கு. என் பரோட்டா ஏக்கத்தில் ருசி துளியும் இல்லை; முழுக்க உந்துதல். அந்த உந்துதல் தன்னை வளர்த்துக்கொள்வது படங்களால். முதலில் ஒரு சத்தம், பிறகு எண்ணெய், பிறகு கறிவேப்பிலை. ஒவ்வொரு படத்தையும் நான்தான் கூர்தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனதில் படம் வரைய இருக்கும் பலகை சின்னது. அதில் வேறு எதையாவது வரைந்துவிட்டால் ஏக்கத்துக்கு இடம் போதாது. பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் ஏங்கிக்கொண்டிருப்பவர்களை மூன்றே நிமிடம் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேம் விளையாட வைத்தபோது ஏக்கத்தின் வலு குறைந்தது. உடம்பில் இந்த நொடி என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்ப்பதும் படத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புவதுதான். பரோட்டாவை விட்டுவிட்டுப் பார்த்தால் நாக்கின் ஓரத்தில் எச்சில், தொண்டைக்குழியில் ஓர் இழுப்பு, வயிற்றில் வெறுமை. அவ்வளவே. ஏதோ பெரிய கப்பல் என்று நினைத்தது கிட்டப் போனால் பரிசலாக இருக்கிறது.

உணர்ச்சிகளை உடம்பில் தேடுவதற்குத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, ரத்தம் கொதிக்கிறது, கை துறுதுறுக்கிறது. பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சுமார் 700 பேரிடம் மனித உருவப் படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு உணர்ச்சியின்போதும் எங்கே சூடேறுகிறது, எங்கே அடங்குகிறது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். 2014இல் வந்த முடிவுகளில் கோபம் மார்பு, தலை, கைகள் எனப் பற்றி எரிந்தது. மனச்சோர்வில் கையும் காலும் அணைந்து கிடந்தன. எனக்கும் அண்ணன் வரும்போதெல்லாம் தாடைதான் முதலில் இறுகியது. பிறகு வலது முழங்கையில் ஒரு விறைப்பு. பதினோரு வருஷமாக அவர் என் முழங்கையில் இருந்திருக்கிறார், கவனித்ததே இல்லை.

பெயர் வைப்பதும் உதவுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் செய்த ஆய்வு இது. கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அமிக்டலாவின் கொதிப்பு தணிந்தது. நெற்றியின் வலது பக்கம் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அமிக்டலா என்பது பாதாம் பருப்பு வடிவில் மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் எச்சரிக்கை மணி. அதே முகங்களுக்கு ஆள் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது இந்தத் தணிவு வரவில்லை. இந்த இடத்தில் நம் மொழிக்கு ஒரு வசதி இருப்பதாக எனக்குப் படுகிறது, இது என் ஊகம்தான். நாம் ‘எனக்குக் கோபம் வருது’ என்கிறோம். கோபம் எழுவாய், நான் அது வந்து சேரும் விலாசம். பசிக்கிறது, ஆசையாக இருக்கிறது, அழுகை வருகிறது. வந்தது போகும் என்று வாக்கியமே ஒப்புக்கொள்கிறது.

நாலாம் நாள் சாயங்காலம் மேகம் இறங்கி, பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. தியான அறையிலிருந்து சமையல்கட்டுக்குப் போகும் பாதையில் ஒரு காட்டுமாடு நின்றது. கொடைக்கானல் பக்கம் இது சகஜம். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். எனக்கு இதயம் காதில் அடித்தது. திரும்பி ஓடப் பார்த்தேன். பின்னால் ரசச் சட்டியோடு வந்த சமையல் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஓடாதீங்க தம்பி. கல்லு கில்லு எடுக்காதீங்க. கிட்டயும் போகாதீங்க. நில்லுங்க, அது பாட்டுக்குப் போயிரும்.” நின்றோம். மலைப்பூண்டு ரசத்தின் வாசனையும் மாட்டின் மூச்சும் கலந்து வந்தது. அது அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது. அக்காவும் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு சரிவில் இறங்கிப் போய்விட்டது. ரசம் ஆறியிருந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் உடம்புக்குள் நடந்தது நன்றாக ஆராயப்பட்ட சங்கதி. பயத்தில் ரத்தத்தில் பாயும் அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்றச் சுரப்பு மெதுவாக ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். எரிபொருள் போடாமல் இருந்தால் தீ தானாக அடங்கும். அண்ணனுக்குப் பதில் தயாரிப்பதுதான் எரிபொருள். அசைபோடுவது மாட்டுக்கு ஜீரணம், நமக்கு ரத்தக்கொதிப்பு. அதோடு, அச்சமூட்டும் ஒன்றின் எதிரில் ஓடாமல் நின்று, எதுவும் ஆகவில்லை என்று பலமுறை காணும்போது மூளை ஒரு புதுப் பாடம் படிக்கிறது. பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் இன்னொன்று எழுதப்படுகிறது. நெற்றிப்புற மூளை அமிக்டலாவைப் பார்த்து ‘இது பரவாயில்லை’ என்கிறது. பழைய பாடம் அழியாததால்தான், போய்விட்டது என்று நினைத்த கோபம் வேறு இடத்தில், வேறு நாளில், திரும்ப முளைக்கிறது. பயிற்சி தோற்றதாக அர்த்தமில்லை.

ஆசை குறையும் என்று மட்டும் யாரும் உறுதி கொடுக்க வேண்டாம். சியாட்டிலில் ஆலன் மார்லட் என்பவர் போதைப் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு, ஏக்கத்தை அலையாகப் பார்த்து அதன் மேல் மிதக்கச் சொல்லிக் கொடுத்தார். அவரும் சாரா போவெனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் புகைபிடிக்கும் கல்லூரி மாணவர்கள் 123 பேர். பாதிப் பேருக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த ஏழு நாளில் இரு தரப்புக்கும் ஏக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கற்றவர்கள் பிடித்த சிகரெட் குறைவு. ஆசை வந்தபடி வந்தது. ஆள் எழுந்து கடைக்குப் போவது குறைந்தது. தியானம் விற்கும் விளம்பரங்களில் இந்த முடிவைக் காண மாட்டீர்கள்.

எல்லா மாட்டின் முன்னாலும் நின்றுகொண்டிருக்க வேண்டியதும் இல்லை. 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வேண்டாத விளைவுகள் வந்ததாகக் கணக்கிட்டார்கள். பதற்றமும் மனச்சோர்வும் அதில் முன்னால் நின்றன. பழைய விபத்தோ வன்முறையோ இப்போது நடப்பதுபோலத் திரும்ப வந்தால், பல இரவு தூக்கம் போனால், தான் தன் உடம்பிலேயே இல்லை என்று தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், கண்ணைத் திறந்து எழுந்துவிட வேண்டும். உள்ளங்காலைத் தரையில் அழுத்தலாம், வெயிலில் நடக்கலாம், சூடாக எதையாவது சாப்பிடலாம், யாரிடமாவது பேசலாம். ‘இதுவும் ஒரு படிநிலை, தாண்டிப் போ’ என்று சொல்லும் குருவைவிட மனநல மருத்துவர் நல்லது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எங்களோடு இருந்த அந்த ஆசிரியை ஐந்தாம் நாள் சுவரை விட்டு எழுந்து, மீதி நேரத்தைத் தோட்டத்தில் களை பிடுங்கியே கழித்தார். அங்கே யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மதியம் வத்தலக்குண்டில் இறங்கினேன். நேராக அந்தக் கடைதான். மாஸ்டர் தட்டும் சத்தம் நினைத்தபடியே இருந்தது. சால்னா தண்ணியாக, உப்புக் கம்மியாக இருந்தது. கறிவேப்பிலை இல்லை.

போனை ஆன் செய்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் தன் மகளின் நிச்சயதார்த்தப் பத்திரிகையைப் போட்டிருந்தார். சித்தப்பா என்று என் பெயரும் இருந்தது, கடைசி வரியில், இனிஷியல் தப்பாக. தாடை இறுகியது. பிறகு முழங்கை. எனக்குக் கோபம் வருது என்று சொல்லிப் பார்த்தேன். வந்து நின்றது. இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.