பயோவில் லிங்க் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்

"ஆண்மைக்குறைவு சார்" என்று வரும் இளைஞர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "எந்த வீடியோ பாத்தீங்க தம்பி?" என்றுதான். போனை எடுத்துக் காட்டிவிடுவார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவர், நரம்புத் தளர்ச்சிக்கு 5 அறிகுறி சொல்வார்: சோர்வு, முதுகுவலி, மறதி, கருவளையம், காலையில் எழ மனமில்லாமை. இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்க்கிற எவருக்கும் இவை இருக்கும்!

முன்பு இப்படிப்பட்ட வைத்தியர்கள் லாட்ஜில் அறை எடுத்து, எந்தத் தேதியில் எந்த ஊர் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு வருவார்கள். சரக்கு மாறவில்லை. இப்படி மருந்தை விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, வீடியோவில் மருந்தின் பெயர் வராது. "இன்பாக்ஸ் வாங்க", "லிங்க் பயோவில்" என்பார்கள்.

சுயஇன்பத்தால் நரம்பு தளராது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்குக்கு உடலியலில் இடமே இல்லை. விந்து போகிறதே என்ற பயத்திலேயே ஆட்கள் தளர்ந்துபோவதை மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு எழுதினார். இன்றைய ரீல்ஸ் அந்தப் பயத்தைத்தான் காசாக்குகிறது.

நடுவயதுக்காரர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். சமீபத்தில் ஒருவர் ஒரு டப்பா கொண்டுவந்தார். குதிரைப் படம், 'முழுக்க மூலிகை' என்று கொட்டை எழுத்து, உரிம எண் எங்கும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, மூக்கடைப்பு வருகிறதாம். சில்டெனாஃபில், அதாவது வயாகரா மருந்து, செய்கிற வேலை அப்படியே இது. மூலிகை என்று விற்கும் பொருட்களில் அது கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம். டப்பா கொண்டுவந்தவர் சர்க்கரை அளவு பார்த்தே வருடக்கணக்காகிறது. சர்க்கரையால் ரத்தக்குழாய் அடைபடலாம். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிடச் சிறியது. அதனால் அடைப்பு பலருக்கும் அங்கேதான் முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே. அந்த எச்சரிக்கையைத்தான் இந்தப் பொடி மறைத்துவிடுகிறது.

சரி, யாரை நம்புவது? வீடியோவில் பேசும் மருத்துவரின் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஆனால் பதிவு பெற்றவர்களும் கேப்சூல் விற்கிறார்கள். எனவே நான் இன்னொன்றும் பார்ப்பேன்: "இதை நேரில் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது" என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? வெள்ளைப்படுதல், கருத்தடை பற்றி நிதானமாகப் பேசும் பெண் மருத்துவர்கள் பலர் அப்படிச் சொல்கிறார்கள். கமெண்டில் வசவும் அவர்களுக்குத்தான் விழுகிறது.

சில விஷயங்களுக்கு வீடியோ தேடிக்கொண்டிருக்க நேரமும் கிடையாது. அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று சந்தேகமா? தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். போகுமுன் பேசிப் பார்க்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.