ஒளி அணைந்த பழைய கடிகாரத்தைச் சுரண்டாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் கடிகாரத்தின் மேல் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எண்கள் ஒளிரவில்லையா, "ரேடியம் செத்துப்போயிற்று, பயமில்லை" என்று வாங்கிப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவருவார்கள். உண்மையில் செத்தது துத்தநாக சல்ஃபைடு.

1960கள் வரை முள்ளிலும் எண்ணிலும் பூசிய கலவையில் அதுவும், ரேடியம் புரோமைடு போன்ற ஓர் உப்பும் சேர்ந்திருக்கும். ரேடியம் கதிர்வீச்சுத் தனிமம்; அது விடும் ஆல்ஃபா துகள்கள் மோதும்போது சல்ஃபைடு ஒளிரும். ஓயாமல் அடிவாங்கிச் சில ஆண்டுகளில் நைந்தும் போகும். ரேடியம்-226இன் அரை ஆயுளோ, அதாவது பாதி சிதைய ஆகும் காலமோ, 1,600 ஆண்டுகள். 1940இல் ரங்கூனிலிருந்து அய்யா கொண்டுவந்த கடிகாரத்தில் இன்றும் சுமார் 96 சதவீத ரேடியம் இருக்கிறது. (லாரியின் பின்னால் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கரில்' ரேடியம் துளியும் கிடையாது.)

ரேடியம் கால்சியத்துக்குப் பங்காளி. இரண்டும் காரமண் உலோகங்கள். உள்ளே போனால் எலும்பில் குடியேறிவிடும். அதன் புரோமைடும் குளோரைடும் நீரில் கரைபவை. ஆனால் தாதுவில் கூடவே வரும் பேரியத்தின் உப்புகளைவிடக் குறைவாகக் கரையும். அந்த வேறுபாட்டை வைத்தே மேரி கியூரி திரும்பத் திரும்பப் படிகமாக்கி, 1902இல் டன் கணக்கான தாதுக் கழிவிலிருந்து 0.1 கிராம் ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். ஜெர்மானியரான கீசெல் புரோமைடைப் பயன்படுத்தியபோது பிரிப்பது இன்னும் எளிதாயிற்று. புதிதாகப் படிந்த உப்பு வெள்ளை. தன் கதிர்வீச்சினாலேயே மெல்ல மஞ்சளாகிவிடும். அமெரிக்காவில் கடிகாரங்களுக்கு இந்தப் பூச்சைப் பூசத் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிய பெண் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது.

லென்ஸில் பார்த்தால் முள்ளின் நடுப்பள்ளத்தில் பூச்சு பழுப்பேறி, விரிசல் விட்டிருக்கும். ஊசி பட்டாலே பொடியாகும். எங்கள் தொழிலில் தூசியை வாயால் ஊதும் பழக்கம் உண்டு; இங்கே அதைவிடக் கெடுதல் வேறில்லை. பூச்சு உதிர்ந்த கடிகாரத்தை நான் திறப்பதில்லை, வந்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மறுபடி ஒளிர வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பழைய பூச்சைச் சுரண்டித் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆல்ஃபா வெளியே வராது. ஊடுருவும் காமா கதிர் கொஞ்சம் வரும், அதனால் தலைமாட்டில் வேண்டாம். பத்துப் பதினைந்தைச் சேர்த்து மரப்பெட்டியில் பூட்டி வைத்தால், ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு உள்ளேயே தேங்கும். காற்றோட்டமான இடத்தில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எண்தட்டின் முகப்பில் கீழ் ஓரத்தில் ஆங்கில 'T' எழுத்து இருந்தால் அது பிற்காலத்து டிரிடியம் (கதிர்வீசும் ஹைட்ரஜன்) பூச்சு. அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகள்தான்.