எஸ்சீட் என்னும் சட்டச் சொல்லும் 'உறுபொருளும்'

ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். துணை, மக்கள், உடன்பிறந்தார் என்று யாரும் இல்லை. எவ்வளவு தேடியும் தூரத்து உறவுகூடக் கிடைக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற வீடும் பணமும் முடிவில் அரசைச் சேரும். இப்படிச் சேர்வதற்குச் சட்டத்தில் 'எஸ்சீட்' என்று பெயர். தமிழில் இதைச் 'சொத்து அரசுடைமை ஆக்கப்பட்டது' என்றோ, 'அரசு பறிமுதல் செய்தது' என்றோ எழுதிவிடக் கை துணியும். இரண்டுமே தவறு. அரசுடைமை ஆக்குவது என்றால், உரியவர் இருக்கும்போதே அவரிடமிருந்து சட்டம் இயற்றி எடுத்துக்கொள்வது. பறிமுதல் என்பது குற்றத்தோடு ஒட்டிய நடவடிக்கை. உறவில்லாமல் இறந்தவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவும் இல்லை.

எஸ்சீட்டின் வேர், 'விழு' என்று பொருள்படும் 'கதெரே' என்ற லத்தீன் வினை. ஒருவர் பங்குக்கு வந்து விழுவது என்ற கருத்தில் அது பழைய பிரெஞ்சில் வடிவம் மாறி, அங்கிருந்து இங்கிலாந்துச் சட்டத்துக்குள் நுழைந்தது. அன்றைய நிலப்பிரபுத்துவ முறையில் நிலம் முழுவதும் மேலே உள்ள பிரபுவிடமிருந்தோ அரசனிடமிருந்தோ பெற்றதுதான். பெற்றவன் சந்ததியின்றி மறைந்தால், அது கொடுத்தவரிடமே திரும்ப விழும். அரசனுக்கு வரவேண்டியதைக் கவனிக்க 'எஸ்சீட்டர்' என்ற அதிகாரிகள் இருந்தார்கள். இல்லாத உரிமையைச் சொல்லி நிலத்தை வளைத்துப்போடுகிறவர்கள் என்று இவர்கள்மீது மக்களுக்குக் கடும் வெறுப்பு. ஏமாற்றுவதைக் குறிக்கும் 'சீட்' என்ற ஆங்கிலச் சொல், இந்த எஸ்சீட் தலை தேய்ந்து பிறந்ததுதான். ஓர் அலுவலகத்தின் அநியாயம் அகராதியில் நிலைத்துவிட்டது.

1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கிலாந்து, வாரிசின்மையால் வரும் எஸ்சீட்டைக் கைவிட்டது. அதன் இடத்தில் 'போனா வெகான்ஷியா', அதாவது உரியவரற்ற பொருள் என்ற லத்தீன் தொடர் நிற்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 296ஆவது உறுப்பு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். திருக்குறளின் 'பொருள் செயல்வகை' அதிகாரத்தில், 756ஆவது குறள் வேந்தனுக்குரிய பொருளாக மூன்றைச் சொல்கிறது: உறுபொருள், உல்குபொருள், பகைவரை வென்று பெறும் தெறுபொருள். உல்கு என்பது சுங்கம். உறுபொருளுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம்தான் நமக்கு வேண்டியது. உடையவர் இல்லாமையால் தானே வந்துசேர்ந்த பொருள் என்கிறார். அதோடு நிற்காமல் அதை இரண்டாகவும் பிரிக்கிறார்: வைத்தவர் இறந்துபோக, நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டது ஒன்று, தாயத்தார் பெறாதது மற்றொன்று. தாயத்தார் என்றால் பங்குரிமை உள்ள உறவினர். முதல் வகையை இன்று புதையல் என்று தனியே அழைக்கிறோம். இரண்டாவது வகை அப்படியே எஸ்சீட். 'உறு' என்ற வினைக்கு வந்தடைதல், நேர்தல் என்று பொருள். பிடுங்கும் கை அந்தச் சொல்லுக்குள் இல்லை. இத்தனை துல்லியமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் 'பறிமுதல்' என்று எழுத வேண்டும்?

அரசு வரிசையில் கடைசியாக நிற்கிறது என்பதே இந்தச் சட்டத்தின் உயிர். முதலில் உடல். அடையாளமும் இறப்பின் காரணமும் உறுதிப்பட வேண்டும். பிறகு தேடல். பூட்டிக் கிடந்த அறைக்குள் அலுவலர் ஒருவர் போய் இழுப்பறைகளைத் திறக்கிறார். பழைய கடிதத்தின் பின்புறத்து முகவரி, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதிய ஒரு பெயர் என்று ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கிறார். எங்கேயோ இருக்கும் ஒரு மருமகனை அந்தப் பெயர் காட்டிக்கொடுக்கலாம். யாருமே முன்வராவிட்டால், இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி மன்றமே அடக்கமோ தகனமோ செய்தாக வேண்டும். செலவை இறந்தவர் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, சொத்தோடு இறந்தவரின் கடன் பொறுப்புகளையும் அரசின் தலையில் வைக்கிறது. வாரிசற்ற சொத்தை அரசன் எடுக்கும்போது மனைவியின் பிழைப்புக்கும் ஈமச்சடங்குக்கும் வேண்டியதை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமே சொல்லியிருக்கிறது. எஞ்சியதுதான் உறுபொருள்.

காளிதாசரின் சாகுந்தலத்தில் இதற்கென்றே ஒரு காட்சி வருகிறது. கடல் வணிகன் ஒருவன் கப்பல் உடைந்து இறந்துபோகிறான், பிள்ளை இல்லை, சொத்து அரசனைச் சேரவேண்டும் என்று அமைச்சர் ஓலை அனுப்புகிறார். துஷ்யந்தன் ஓலையை ஏற்று முடித்துவிடவில்லை. வணிகனின் மனைவியரில் யாரேனும் கருவுற்றிருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறான். ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே தந்தையின் சொத்து என்று தீர்ப்பளிக்கிறான். எடுத்துக்கொள்ளும் உரிமை உள்ளவன் முதலில் தேட வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தச் சட்ட வாசகமும் சொல்லி நான் படித்ததில்லை.

'யாரும் இல்லை' என்பதற்குச் சட்டம் கொள்ளும் பொருள் வேறு. பல்லாண்டு கூடவே வாழ்ந்து, கடைசிவரை கவனித்துக்கொண்ட துணைவர், மணம் செய்துகொள்ளாதவர் என்றால் இங்கிலாந்தின் வாரிசுப் பட்டியலில் இடம்பெறமாட்டார். தனக்கு வரும் இத்தகைய சொத்திலிருந்து அவருக்கு ஒரு பங்கைக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு; ஆனால் அது விருப்பம் சார்ந்தது. உயிர் நண்பருக்கும் இதே நிலைதான். உயில் ஒன்று இருந்தால் உறவே இல்லாவிட்டாலும் சொத்து அதில் குறித்தவருக்குப் போய்விடும். எஸ்சீட் என்ற பேச்சே எழாது.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்பு உறுபொருள் ஆகாது. இந்தியாவில் 10 ஆண்டுகள் இயக்கப்படாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. ஆனால் உரியவரோ வாரிசோ பின்னர் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். அதை 'உரிமை கோரப்படாத வைப்பு' என்பதே சரி.

சொத்தை உறுபொருள் என்றும், அது அரசைச் சேர்வதை உறுபொருளாதல் என்றும், பழைய எஸ்சீட்டரை உறுபொருள் அலுவலர் என்றும் தயங்காமல் ஆளலாம். 'வாரிசு' அரபு வழி வந்த சொல்தான் என்றாலும் தமிழில் வேரூன்றிவிட்டது. அதை விரட்ட வேண்டியதில்லை. 'வாரிசின்றி இறந்தவரின் வீடு உறுபொருளாக அரசைச் சேர்ந்தது' என்று எழுதினால், படிப்பவருக்குச் சட்டமும் புரியும், இறந்தவர்மீது பழியும் விழாது.