பாராமீட்டர் என்றால் அளவுரு. ஆனால் யாருடைய அளவுரு?

ரெவிட் மாதிரியான வரைபட மென்பொருளில் ஒரு கதவைச் சொடுக்கினால் ஓரத்தில் ஒரு பட்டியல் விரியும். அகலம் 900 மில்லிமீட்டர், உயரம் 2100, எந்த மரம், எந்தத் தளம். நிறைய பேர் அந்த 900-ஐத்தான் பாராமீட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 900 வெறும் மதிப்பு. 'அகலம்' என்று பெயர் எழுதி, அந்த மதிப்பு வந்து உட்காருவதற்காக ஒதுக்கி வைத்த இடம்தான் பாராமீட்டர்.

சொல் கிரேக்க வேர்களில் இருந்து வந்தது. 'பாரா' என்றால் பக்கத்தில், 'மெட்ரோன்' என்றால் அளவு. 17ஆம் நூற்றாண்டில் கூம்பு வளைவுகளின் செவ்வகலத்துக்குத்தான், அதாவது குவியத்தின் வழியாக அச்சுக்குச் செங்குத்தாக வளைவுக்குக் குறுக்கே போகும் கோட்டின் நீளத்துக்குத்தான், இந்தப் பெயரை வைத்தார்கள். ஒரு பரவளையத்துக்குச் செவ்வகலத்தைக் கூட்டினால் அதன் வாய் அகலும், குறைத்தால் ஒடுங்கும், ஆனால் எப்படி மாற்றினாலும் அது பரவளையமாகவே இருக்கும். கதவின் அகலமும் அப்படியே: 900 ஆனாலும் 750 ஆனாலும் கதவு கதவுதான்.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'துணையலகு' என்று படித்திருப்போம். 'பாரா'வைத் துணை என்று பிடித்தது அழகுதான், ஆனால் வரைபட வேலையில் அலகு என்றாலே மில்லிமீட்டரா அடியா என்ற கேள்விதான் மனதில் வரும், அதற்கு மென்பொருளில் தனி அமைப்பே இருக்கிறது. அதனால் 'அளவுரு' தான் எனக்குச் சரி. அளவைக் கொடு, உரு மாறும். இந்த வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? மரத்தின் வகை, 'ஆம்/இல்லை' மாதிரியானவை அளவே இல்லையே என்று கேட்கலாம், நியாயம்தான், ஆனாலும் அவையும் உருவைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து இன்ஸ்டன்ஸ். லத்தீனில் இதன் வேர் 'நில்' என்பது. முன்னால் வந்து நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'நேர்வு' என்கிறோம். 1963இல் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் மென்பொருளிலேயே இந்த ஏற்பாடு உண்டு. மூல வரைபடம் ஒன்று, அதன் நேர்வுகள் பல. மூலத்தைத் திருத்தினால் எல்லா நேர்வுகளும் திருந்திவிடும். ரெவிட்டில் அந்த மூலத்தின் இடத்தில் இருப்பது 'வகை', சுவரில் வைத்த ஒவ்வொரு கதவும் அதன் நேர்வு.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒருமுறை ஒரே ஒரு குளியலறைக் கதவை 750 ஆக்கப் போனேன், மாற்றிவிட்டு மூடினேன், மறுநாள் பார்த்தால் அந்த வகைக் கதவு நின்ற இடமெல்லாம் 750, படுக்கையறைகள் உட்பட. நான் தொட்டது வகையின் அளவுரு. அந்தக் கதவுக்கு அகலம் வகையோடு ஒட்டியது, ஒரு கதவுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது பொதுவாக நேர்வு அளவுருவாக இருக்கும், ஒன்றை ஏற்றினால் பக்கத்து ஜன்னல் அசையாது. எது எந்தப் பக்கம் என்பதை அந்தப் பொருளை உருவாக்கியவர் முடிவு செய்திருப்பார், அதனால் பெயரை மட்டும் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

சரி, ஒரு கதவை மட்டும் சின்னதாக்க என்ன வழி? வகையை நகலெடுத்து, நகலுக்கு 'கதவு 750' என்று புதுப் பெயர் கொடுத்து, அதில் அகலத்தை மாற்றி, அப்புறம் அந்த ஒரு கதவை மட்டும் புது வகைக்கு நகர்த்துங்கள். மற்றவை 900லேயே நிற்கும்.