பைண்டிங்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

பைண்டிங்னு சொன்னா நமக்கு முதல்ல நோட்டு பைண்டிங் ஞாபகம் வரும், கொத்தனார் வேலை பாக்குறவங்களுக்கு பைண்டிங் ஒயர், அதாவது கட்டுக்கம்பி. ஏஐ பத்தி படிக்கிறவங்க இதே சொல்லை வேற அர்த்தத்துல அடிக்கடி பாத்திருப்பீங்க.

“கீதா மதுரைல இருக்கா, ராஜா சேலத்துல இருக்கான்”னு எழுதிட்டு, கீதா எந்த ஊர்னு ஏஐ மாடல்கிட்ட கேக்கறோம்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேரும் ரெண்டு ஊரும் வரியில இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது, யாருக்கு எந்த ஊருன்னும் தெரியணும். இந்த கீதா எங்க இருக்கான்னு ட்ரெய்னிங்ல படிச்சிருக்காது, அந்த வரிய படிக்கும்போதே முடிச்சு போட்டாகணும். அந்த முடிச்சுக்குத்தான் பைண்டிங்னு பேரு.

2023ல ஜியாஹாய் ஃபெங், ஜேக்கப் ஸ்டைன்ஹார்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் லாமா, பித்தியாங்கற மொழி மாடல்களுக்குள்ள இதப் பாத்தாங்க. சலவைக்குப் போற துணியில வீட்டுக்கு ஒரு குறின்னு மையால போடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதே மாதிரிதான், மாடலுக்குள்ள சொல் எல்லாம் எண்களாத்தான் இருக்கும், நம்ம வரிய வெச்சு சொன்னா கீதாவுக்கான எண்களோட ஒரு வெக்டர், அதாவது ஒரு எண் வரிசை, கூடுது, மதுரையோட அதுக்கு ஜோடி வெக்டர் கூடுது, ராஜாவுக்கும் சேலத்துக்கும் வேற ஜோடி. இத பைண்டிங் ஐடின்னாங்க. உள்ள புகுந்து அந்தக் குறிய மட்டும் மாத்திப் போட்டா, வரியில ஒரு எழுத்து கூட மாறாம மாடல் பதில மாத்தி சொல்லுது! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

சொல் வந்தது மூளை ஆராய்ச்சில இருந்து. நிறம், வடிவம் எல்லாத்தையும் தனித்தனியா கவனிக்கிற மூளை எப்படி ஒரே பொருளா சேக்குதுங்கற கேள்விக்கு பைண்டிங் ப்ராப்ளம்னு பேரு, 1980கள்ல உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் செஞ்ச சோதனைகள்ல, கலர் எழுத்துகள ஒரு நொடிக்கும் கம்மியா காட்டினா பாத்தவங்க சில சமயம் ஒண்ணோட நிறத்த இன்னொண்ணுக்கு ஒட்டி சொன்னாங்க.

வேர பாத்தா ஆங்கில பைண்டும் சமஸ்கிருத பந்தமும் ஒரே குடும்பம், நம்ம சம்பந்தம், நிபந்தனை, பிரபந்தம் எல்லாம் அந்த வழில வந்ததுதான்.

தமிழ்ல இணைப்புன்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது ஒப்பல, லிங்க்குக்கும் கனெக்‌ஷனுக்கும் அதத்தான் சொல்றோம், இதுக்கும் அதையே சொன்னா குழப்பம். தளைன்னா யாப்புல சீரும் சீரும் சேர்றது, நல்ல சொல்லுதான், ஆனா பலருக்கு கைவிலங்குதான் ஞாபகம் வரும். பிணைப்புதான் சரி. நெல்லு போரடிக்க மாடுகள சேத்துக் கட்டுறது பிணையல், கெமிஸ்ட்ரி புக்ல அயனிப்பிணைப்பு, ரெண்டுலயும் எது எதோட சேருதுங்கறது முக்கியம்.

கீதா மாதிரி ஆளோ பொருளோ என்டிட்டி, அதோட சேருற ஊர் மாதிரி விவரம் அட்ரிபியூட், இதுக்கும் புதுசா சொல் தேட வேண்டாம், நம்ம இலக்கணத்துலயே இருக்கு. செந்தாமரைல செம்மை பண்பு, தாமரை அந்தப் பண்ப உடைய பண்பி. அதனால பண்பி-பண்பு பிணைப்பு, பைண்டிங் ஐடிக்கு பிணைப்புக்குறி.