கடைக்கு 365 நாள். உங்களுக்கு வாரத்தில் ஆறு நாள்தான்

"வருஷம் முழுவதும் கடையைத் திறக்கச் சொல்லி அரசே ஆணை போட்டுவிட்டது. இனி வார விடுமுறை கிடையாது." சேலத்தில் துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை, பாத்திரக்கடை எதில் வேலை பார்ப்பவரிடம் பேசினாலும் முதலாளியோ மேலாளரோ இப்படிச் சொன்னதாகக் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டியவரிடமும் வெள்ளி தொழுகைக்குப் போக வேண்டியவரிடமும் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டியவரிடமும் இதே பதில்தான். படித்த பிள்ளைகள்கூட இதை நம்பித் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அப்படி ஓர் ஆணை இல்லை. ஞாயிறோ வெள்ளியோ பண்டிகையோ, ஒரு துணிக்கடையோ நகைக்கடையோ திறந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. அரசு கொடுத்திருப்பது திறந்துகொள்ள அனுமதி மட்டும். அந்த அனுமதிக்கு விதித்த நிபந்தனைகளில் முக்கியமானது, ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது. அனுமதியைப் பிடித்துக்கொண்டு நிபந்தனையை மட்டும் மறைக்கிறார்கள்.

பின்னணி இவ்வளவுதான். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுமையாக மூடப்பட வேண்டும் என்கிறது. எந்த நாள் என்பதைக் கடைக்காரர் அறிவிப்பாக எழுதிக் கடையில் மாட்ட வேண்டும். எந்த மதத்தின் நாளையும் சட்டம் குறிப்பிடவில்லை. அந்த மூடல் கட்டாயத்திலிருந்து விலக்குக் கொடுத்து, 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் கடை நடத்தலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. பிறகு 2022இலும் 2025இலும் மூன்று மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். விலக்கு கிடைத்தது கடையின் கதவுக்கு. உள்ளே நிற்பவரின் விடுமுறையிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடைக்கவில்லை.

இனி, ஏமாறும் இடங்கள்.

முதலாவது, பத்துப் பேர் கணக்கு. 365 நாள் அனுமதி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். சின்னக்கடை வீதியில் மூன்று பேர் வேலை பார்க்கும் கடைக்கு அது பொருந்தாது. அங்கே வாரத்தில் ஒரு நாள் கடையையே மூட வேண்டும். ஆனால் நடப்பது வேறு. ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கு, அதாவது பத்துப் பேர் இருந்தாலே கட்டாயமாகும் ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டும் பேச்சு வரும்போது, "எங்களிடம் எட்டுப் பேர்தான்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டால் அதே கடையில் பதினான்கு பேர் இருப்பார்கள். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. தொழிலாளர் துறைக்குப் புகார் மனு எழுதும்போது கடையில் உண்மையில் எத்தனை பேர் என்பதைப் பிரிவு வாரியாகக் குறிப்பிடுங்கள்: விற்பனையில் இத்தனை, கிடங்கில் இத்தனை, பில் போடுமிடத்தில் இத்தனை. அந்த ஒரு வரி அவர்களை இரண்டு பக்கமும் நெருக்கும்.

இரண்டாவது, "விடுமுறையைச் சேர்த்து வைக்கிறோம்" என்ற வாக்குறுதி. ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் இந்தப் பேச்சு வரும். தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். சட்டம் சொல்வது ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாள். மூன்று மாத விடுமுறையைச் சேமித்து ஒரே மூச்சில் கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. சேர்த்து வைத்த நாட்களை முழுதாக வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பண்டிகை முடிந்ததும் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். சேர்ந்த நாட்களும் அவர்களோடு போய்விடுகின்றன.

மூன்றாவது, சம்பளப் பிடித்தம். வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. தினக்கூலி என்ற அடிப்படையில் சேர்த்திருந்தாலும் அந்த நாளுக்குரிய கூலியைத் தர வேண்டும் என்று 11ஆம் பிரிவே சொல்கிறது. "வந்தால்தான் காசு" என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆனால் ஒரு கண்ணி உண்டு. விடுப்பு நாட்களையும் சேர்த்து அந்த வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக வேலைக் கணக்கு இருந்தால் அந்த வார விடுமுறை உரிமை போய்விடும். அனுமதி பெற்ற விடுப்பு மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பீர்கள். சனிக்கிழமை, "நீ செவ்வாய் சொல்லாமல் நின்றாய், இந்த வாரம் உனக்கு விடுமுறை இல்லை" என்பார்கள். ஆகவே விடுப்பை எப்போதும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "சரி" என்ற ஒரு சொல் பதிலாக வந்தாலும் அதை அழிக்காதீர்கள்.

நான்காவது, பெண்களிடம் வாங்கும் கையெழுத்து. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைக்கக் கூடாது. வைப்பதானால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் வேண்டும் என்கிறது அரசாணை. வேலைக்குச் சேரும் நாளில் நீட்டுகிற பத்துத் தாள்களுக்கு நடுவே இந்தச் சம்மதத் தாளும் இருக்கிறது. வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வந்துபோகும் பெண்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, இரவில் பஸ்ஸுக்காகப் புதிய பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பே போட்டுவிட்டீர்கள் என்றால், இனி சம்மதமில்லை என்று எழுதித் தேதியிட்டுக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் கொடுத்திருந்தாலும் வண்டி ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்புதான்.

வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரு மடங்குக் கூலி. காலை ஒன்பதரைக்குள் வந்து இரவு பத்தரைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

வழிபாட்டு நாள் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சட்டம் உங்களுக்கு வாரத்தில் ஒரு நாளைத் தருகிறது. அது உங்கள் வழிபாட்டு நாளாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கிறிஸ்தவர் என்பதால் ஞாயிறோ முஸ்லிம் என்பதால் வெள்ளியோ தானாகக் கிடைக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண்டு முழுவதும் திறக்கும் கடைகளில் விடுமுறை சுழற்சி முறையில் வருகிறது. அங்கே ஊழியர்களின் விவரமும் அன்றாடம் விடுமுறையில் இருப்பவர்களின் பட்டியலும் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும் என்பதும் நிபந்தனை. உங்களுக்கு நிலையான நாள் வேண்டுமென்றால் பண்டிகைக் கூட்டம் இல்லாத மாதத்தில், ஒரு பக்கக் கடிதமாக, உங்களுடன் நாளை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் சக ஊழியரின் பெயரோடு கொடுங்கள். வெள்ளி கேட்கும் ஒருவரும் ஞாயிறு கேட்கும் ஒருவரும் சேர்ந்து எழுதினால் மறுப்பதற்கு மேலாளருக்குக் காரணம் கிடைப்பது கடினம். பட்டியலை ஒட்டவே இல்லையா? அந்த வெற்றுச் சுவரைப் படம் எடுத்து வையுங்கள்.

வார விடுமுறை வேறு, பண்டிகை விடுமுறை வேறு. இதைக் குழப்பித்தான் பாதி ஏமாற்று நடக்கிறது. 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாறாதவை. மீதி ஐந்து, பண்டிகைகளுக்கு. எந்த ஐந்து என்பதை முதலாளி தன் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். உங்களைக் கலந்தார்களா? பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கிப் பட்டியலை அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் போவதற்கு முன், டிசம்பருக்குள்ளேயே, ரம்ஜானோ கிறிஸ்துமஸோ ஆடித் திருவிழாவோ, உங்களுக்கு வேண்டிய நாளை எழுதிக் கொடுங்கள். அந்த ஒன்பது நாளில் வேலை வாங்கினால், இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். மதியச் சாப்பாடும் ஒரு சட்டைத்துணியும் இதற்கு ஈடாகாது.

ஆடி வந்தால் சேலத்தில் ஆண்டுதோறும் ஒரு தகராறு. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். பத்திரிகையில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாமல் இருந்தவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் உரியது. வங்கிகளுக்கும் பொருந்தும் பொது விடுமுறையை அறிவிக்கப் பயன்படும் செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டதல்ல என்று அதன் கடைசியிலேயே எழுதியிருக்கும். உங்கள் கடையின் ஐந்து நாள் பட்டியலில் அந்தத் திருவிழா இருந்தால் மட்டுமே உங்களுக்கு உரிமை. ஊரே திரண்டு நிற்கும் திருவிழாவைச் சேலத்துக் கடைகளின் பட்டியலில் சேர்க்கும்படி கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. கேட்காமல் விட்டால் அது சேராது. தேர்தல் வாக்குப்பதிவு நாள் மட்டும் வேறு. அன்று வாக்காளரான ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஏற்காட்டில் விடுதியிலும் உணவகத்திலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சுற்று. "நீங்கள் கடை இல்லை, உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று திருப்பி அனுப்புவார்கள். உணவு நிறுவனங்களுக்கு 1958இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதிலும் வார விடுமுறை உண்டு. ஒன்பது நாள் விடுமுறை அவர்களுக்கும் காபித் தோட்டங்களுக்கும் சேர்த்துத்தான். மே மாதம் முழுவதும் மலையில் கூட்டம். கோடை விழா என்றால் ஓர் அறைகூடக் காலியாக இருக்காது. அதனால் மே 1ஆம் தேதி விடுமுறையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேலை பார்த்தே ஆக வேண்டிய நிலை என்றால் பாருங்கள். ஆனால் அன்றைய வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த நாளை மட்டும் பதிவேட்டில் "விடுமுறை" என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது.

புகாருக்கு வருவோம். போக வேண்டியது தொழிலாளர் துறையின் மாவட்ட அமலாக்கப் பிரிவு, அதாவது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). காவல் நிலையம் அல்ல, மாநகராட்சியும் அல்ல. அங்கே பொதுவாகக் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் அங்கே வேலை செய்வதற்கு ஆதாரம் என்ன?" பணி நியமன ஆணையைக் கொண்டுவரச் சொல்வார்கள். கடையில் அதைக் கொடுத்திருந்தால் இவர் ஏன் இங்கே வந்து நிற்கப் போகிறார்? வங்கியில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி, ஈ.எஸ்.ஐ. எண், சீருடையோடு கடைக்குள் எடுத்த படம், மேலாளர் வேலை நேரம் அனுப்பிய வாட்ஸ்அப் குழுச் செய்தி, உங்கள் பெயரோ எண்ணோ அச்சாகும் பில், இவை போதும். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பதே அரசாணையின் நிபந்தனை. கையில் பணமாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதையே மனுவில் ஒரு தனி மீறலாக எழுதுங்கள்.

"இன்னும் பத்து நாள் கழித்து வாருங்கள்" என்பது அடுத்த பதில். வாய்மொழிப் புகாருக்கு உயிர் இல்லை. மனுவில் கடையின் பெயர், முகவரி, விடுமுறை மறுக்கப்பட்ட தேதிகள், வர வேண்டிய தொகை என்று எல்லாம் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்தால் ஒரு மனு எண் கிடைக்கும். பிறகு யாரும் அது வரவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, "எனது இந்தத் தேதியிட்ட மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, ஆய்வு செய்த தேதி என்ன, ஆய்வறிக்கை நகல் தரவும்" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோப்பு நகராத அலுவலகத்திலும் அந்தத் தாள் போனால் யாராவது கோப்பைத் தேடத் தொடங்குகிறார்கள்.

ஆய்வாளர் வரும் தகவல் கடைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவது நடக்கிற காரியம்தான். ஆகவே ஒருவர் பெயரில் புகார் கொடுக்காதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதுங்கள், அல்லது தொழிற்சங்கம் வழியாகக் கொடுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

கடைசியாக, வேலையை விட்டு நிறுத்தும் மிரட்டல். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றியும் ஒரு மாத அறிவிப்போ அதற்கான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் பல இடங்களில் நீக்குவதில்லை. "சொந்தக் காரணங்களுக்காக நானே விலகுகிறேன்" என்று எழுதி வாங்குகிறார்கள். பாக்கிச் சம்பளத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள் என்பார்கள். அந்தக் கையெழுத்து விழுந்தால் 41ஆம் பிரிவால் உங்களுக்குப் பயனில்லை. சேரும்போது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் இப்போதே ஒரு கடிதமாக எழுதி உதவி ஆணையருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். நீக்க ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி தரப்பு அழைத்தால் போய்ப் பேசுங்கள். ஆனால் அந்த 30 நாள் முடிவதற்குள் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.